பிரிக்காத கவர்

மரப்பலகையில் பூ செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷினைக் கணினியோடு இணைக்க, ஓவிய டீச்சர் மூன்று பேரலல் போர்ட் கார்டுகளைப் பார்த்து, இருப்பதிலேயே மலிவானதை வாங்கினாள்.

“இது ரெண்டு நாள் தாங்குமா?” என்றான் கணவன்.

“தாங்கும். வாய வைக்காதீங்க.”

ஞாயிறு மதியம் ஓடிக்கொண்டிருந்த மெஷின்மேல் அவள் குனிந்து தூசியை ஊதியபோது, சால்வை சுழலும் முனையில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. மெஷின் சட்டென்று தானே நின்றது. கணவன் ஓடிவந்து சால்வையை வெட்டி அவளை விடுவித்தான்.

‘அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டது’ என்று திரையில் இருந்தது.

“நீங்களா அழுத்தினீங்க?”

“அத இன்னும் மாட்டவே இல்லையேம்மா!”

அலமாரியில், கார்டோடு வந்த பிரிக்காத கவருக்குள், அந்தச் சிவப்புப் பொத்தான் அழுந்திக் கிடந்தது.

அவளுக்குக் கண் கலங்கியது. கவரைத் தடவி, “உசிரக் காப்பாத்திட்டே, நல்லா இரு,” என்றாள்.

பொத்தான் மெல்லத் திரும்பி மேலே எழுந்தது.