ஆளுயர ஆழம்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், திங்கட்கிழமை முற்பகலில், திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் இருக்கும் சரவணகுமாரின் கடைக்கு, தங்கம் தேடும் கருவி வாங்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தனர். கணவர் விலையைக் கேட்டார். மனைவி ஆழத்தைக் கேட்டார்.

“இது எவ்ளோ ஆழம் பாக்கும், தம்பி?”

“சின்னது ஒரு முழம் பாக்கும்க்கா. பெரிசு ஆள் உசரம் பாக்கும்.”

பெரிய கருவியின் மேல் வைத்திருந்த கையை மனைவி பாஞ்சாலை சுட்டுக்கொண்டவர் போல எடுத்துக்கொண்டார். ஈர்க்குச்சி செருகியிருந்த காதுகளை முந்தானையால் மூடியபடி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

சரவணகுமாருக்கு அது பிடிக்கவில்லை. கண்காணிப்புக் கேமராவும் கல்யாண மண்டபத்து வாசல் சோதனைக் கருவியுமே அவருடைய வியாபாரம். மண்ணைத் துழாவும் கருவியை எப்போதாவதுதான் விற்பார். சென்ற ஆண்டு அப்படி விற்ற ஒன்று, தங்கத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளிக் கொலுசைக் காட்டியது. கொலுசு, புதைக்கப்பட்டிருந்த ஒருத்தியின் காலில் இருந்தது.

கணவர் இருசப்பன், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி. இப்படி ஒரு கருவியை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடிக்கிறார். அவர் மடியிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே, பயற்றளவில் இரண்டு தங்க மணிகள் மண் ஒட்டிக் கிடந்தன.

“மல்லாட்டச் செடி புடுங்கச்சொல்ல வேரோட வந்துச்சுபா. நம்ம நெலத்துலதான்.”

“புதையல்னா கலெக்டர் ஆபீஸ்ல சொல்லணும்ண்ணா.”

“புதையல் எங்கபா, இது மண்ணுல வெளைஞ்சது. சொல்றதுன்னாதான் இன்னா, ரோட்டத் தாண்டுனா ஆபீசு. மொதல்ல கெடைக்கட்டும்.”

நிலம் ஒரு காணி. வீட்டுமனை போடுபவருக்கு விற்பதாகப் பேச்சு முடிந்து, பத்திரம் எழுதுவது மட்டுமே பாக்கி. அந்த நேரத்தில் மணிகள் கிடைத்ததால் இருசப்பன் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

“அடியில இருக்குதா, இல்லையானு ஒரு தபா பாத்துடணும். இருந்தா தோண்டுவேன். இல்லன்னா வித்துட்டுப் போயிட்டே இருப்பேன். அதுக்கு எது தோதுன்னு நீயே சொல்லு.”

சரவணகுமார் நேர்மையான வியாபாரி. “சின்னது, மேலாக்க கெடக்கற பொடிப் பொடித் தங்கத்த நல்லாக் காட்டும்ண்ணா. அதுக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க கேக்கற மாதிரி முடிவாத் தெரியணும்னா பெரிசுதான்.”

“பெரிசு வேணாம்,” என்றார் பாஞ்சாலை.

“இன்னா மே, நீயா செமக்கப் போற?”

“வேணாம்னா வேணாம். சின்னதே போதும்.”

“புருசன் பணக்காரனாவறதுல இவளுக்கு இஷ்டம் இல்ல பாரு,” என்று இருசப்பன் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

பாஞ்சாலை சரவணகுமாரின் பக்கம் திரும்பினார். “பெரிசு பாத்துச் சொன்னா தப்பவே தப்பாதா, தம்பி?”

“தப்பாதுக்கா. கத்தி, வளையல், கொலுசு, இன்னா இருந்தாலும் கத்திடும்.”

கொலுசு என்று சொல்லும்போது சரவணகுமார் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் அந்த முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது.

“அண்ணா, நாளைக்கு நானே பெரிச எடுத்துக்கினு வரேன். நெலம் பூரா ஓட்டிக் காட்டறேன். பாத்துட்டு வாங்கிக்கங்க.”

“எங்க நெலத்துல அசலாளு கால் வைக்க வேணாம்.” பாஞ்சாலை குறுக்கிட்டார்.

“நீ சும்மா இரு மே. தம்பி, நாளைக்கே வா. பெரிசையே எடுத்து வை, முன்பணம் கொண்டாறேன்,” என்று சொல்லிவிட்டு, இருசப்பன் சாலையின் மறுபுறமிருந்த ஏடிஎம் நோக்கி நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் பாஞ்சாலை மேசையருகே வந்தார். “தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும். பெரிசு ரிப்பேருன்னு சொல்லிடு.”

சரவணகுமார் கைப்பேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அக்கா, போன வருசம் கோர்ட்டுக்கு நடந்து நடந்து எனக்குச் செருப்புத் தேஞ்சுபோச்சு. இன்னொரு தபா என்னால ஆவாது. உண்மையச் சொல்லலன்னா இப்பவே போலீசுக்குப் போன் பண்ணுவேன்.”

“அவர் வந்துடப் போறாரு, தம்பி.”

“வரட்டும். அவர் எதிர்லயே கேக்கறேன். அந்த நெலத்துல யாரப் பொதைச்சி வெச்சிருக்கீங்க?”

பாஞ்சாலை சாலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“யாரும் இல்லபா. அடியில ஒண்ணுமே இல்ல. மேல கெடைச்ச மணிகூட என் கம்மல உருக்கி நான் போட்டதுதான். அந்த மெஷினு கத்தாம இருந்துச்சுன்னா, மறுநாளே நெலத்த எழுதிக் குடுத்துடுவாரு.”

இருசப்பன் பணத்தோடு திரும்பி வந்தபோது, பெரிய கருவி பெட்டிக்குள் போயிருந்தது. சரவணகுமார் சிறியதற்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.