தாடையை இறக்காத குடும்பம்

“தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்று போட்டோக்காரர் ஆயிரத்தெட்டாவது முறையாகச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் தாடையை இறக்கச் சொல்வது, மலையைக் குனியச் சொல்வது மாதிரி.

அம்மா நிமிர்ந்து நடந்தால் தெருவிளக்கு தானாக விலகி வழிவிடும். யாரையும் கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்க மாட்டாள். மொத்தத் தலையும் திரும்பும், தேர் திரும்புகிற மாதிரி. தெருவே அவளுக்கு ‘மகாராணி’ என்று பெயர் வைத்தது.

அவளுடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, அவளுக்கும் மேலே. வானத்தைப் பார்த்தபடியே நடந்துபோய், நின்றிருந்த லாரியில் இடித்துவிட்டு, லாரியைத் திட்டியவர். ஒருநாள் சலூன் நாற்காலியில் கை கால் இழுத்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். கண்ணாடியில் தன் அழகைப் பார்த்து மயங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் பரப்பியது நான்தான்.

மாடிப்படியும் எங்களுக்கு ஆகாது. நாலு படி ஏறினால் தொடை கெஞ்சும். “சோம்பேறிப் பரம்பரை” என்பார் அப்பா. “அரச பரம்பரை” என்று திருத்துவேன் நான்.

நேற்று நரம்பு டாக்டர் என் இமைகளை விரலால் தூக்கிப் பிடித்தார். தலையை ஆட்டாமல் பேனாவையே பார்க்கச் சொன்னார்.

பேனா போனது. என் கண் போகவில்லை.

இமை தூக்க முடியாததால்தான் தாடை தூக்குகிறதாம். மூளையும் தசையும் சேர்ந்து பட்டினி கிடக்கிற அபூர்வ வியாதியாம். பெயர் கூட்ஸ் வண்டி நீளம். நான் கடைசிப் பெட்டியைப் பார்ப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

அம்மா வழியில்தான் வருமாம். நான் ஆண் என்பதால் என் பிள்ளைகளுக்கு வராதாம்.

“கூடப் பிறந்த பொண்ணுங்க யாராவது இருக்காங்களா?”

வாழ்க்கையில் முதல்முறையாக, சட்டென்று ஒரு பொய் எனக்கு வரவில்லை.

அதனால்தான் குடும்ப போட்டோ என்று எல்லோரையும் ஸ்டுடியோவுக்கு இழுத்து வந்தேன். அக்கா. அவள் மகள். மகளின் ஐந்து வயதுக் குழந்தை. மகள் வயிற்றில் இன்னொன்று.

“நம்ம கம்பீரம் ஒரு வியாதியாம்” என்று அக்கா மகளிடம் ஆரம்பித்தேன். “அம்மாகிட்ட இருந்து அக்காவுக்கு. அக்காகிட்ட இருந்து உனக்கு. நீ உடனே டாக்டரைப் பாக்கணும்மா.”

அவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மாமா ஆரம்பிச்சுட்டாரு! போன மாசம் நிலாவுல மனை வாங்குனீங்களே, பத்திரம் வந்துடுச்சா?”

போட்டோக்காரரே சிரித்துவிட்டார்.

“சத்தியமாச் சொல்றேன்” என்றேன்.

என் எல்லாக் கதைகளும் அப்படித்தான் தொடங்கும். சிரிப்பு இன்னும் கூடியது.

“அப்படியே சிரிங்க, எடுத்துடறேன்” என்று அவர் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். “பாப்பா, தாடையை இறக்கு கண்ணு.”

குழந்தை கேமராவைத் தேடி, முகத்தை மெல்ல மேலே உயர்த்தியது.

“மகாராணி!” என்று அதன் அம்மா பெருமையாகக் கைதட்டினாள்.

அக்கா கைதட்டவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னைப் பார்க்க, மொத்தத் தலையையும் திருப்பினாள்.