கிருமிக்கு ஒரு பெயர்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்பதால் பெயர் வைக்கும் விழாவைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அதுவே வம்பாகும் என்று பூங்கோதை நினைக்கவில்லை.

சுகாதார நிலையத்து இயந்திரம் டயப்பரைச் சோதித்துவிட்டு, "இது புதுவகைக் கிருமி. இதற்கு ஒரு பெயர் பதிந்தால்தான் மருந்து வரும். குழந்தையின் பெயரையே வைப்பது வழக்கம்" என்றது.

"புள்ளைக்கே இன்னும் பேர் வைக்கலியே, சிஸ்டர்."

"நான் என்னம்மா பண்றது? அது கேக்கறதச் சொன்னாத்தான் மருந்து தரும்" என்றார் நர்ஸ்.

மடியில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. நாத்தனார் வந்து அதன் காதில் முதன்முதலாகச் சொல்லவேண்டிய பெயரை, பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்திடம் சொன்னாள்.

"இளவெயினி."

இயந்திரம் கொஞ்சநேரம் தேடியது.

"இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கிருமி இருக்கிறது. வேறு பெயர் சொல்லவும்."