அப்துல் சலாம் கடைப் படம்

"அந்தப் படத்தை ரெண்டு நாளைக்குக் குடுப்பீங்களா பாய்? எங்க அம்மா ஒரு தடவை பாத்ததும் பத்திரமாக் கொண்டாந்துடறேன்."

கயிறு நிறுத்துக்கொண்டிருந்த கியாசுதீன் நிமிர்ந்து பார்த்தார். கேட்ட பெண்ணுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். துறையூர்ப் பக்கத்துக் கிராமம், பெயர் வெள்ளையம்மாள் என்று சொன்னாள்.

படம் அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. பெரிய கடைவீதியில் அந்தக் கடை திறந்த அன்று எடுத்தது. புதுச் சுண்ணாம்பு பூசிய மாடிக் கட்டடம். வாசலில், கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால்களும் கயிற்றுச் சுருள்களும். நடுவே நாற்காலியில், நீளக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக ஒருவர்.

கியாசுதீனின் தாத்தா அப்துல் சலாம், அதிராம்பட்டினத்திலிருந்து பிழைக்க வந்து இந்தக் கடையைக் கட்டியவர். திறந்த மறு வருஷமே அவரும் மனைவியும் காலராவில் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கைக்குழந்தையாக இருந்த கியாசுதீனின் அத்தா, ஊரில் மாமா வீட்டில் வளர்ந்து, பெரியவனாகித் திரும்பி வந்து, பூட்டிக்கிடந்த கடையைத் திறந்தார். அப்போது மாடியில் கிடைத்தது இந்தப் படம். குடும்பத்துக்கு ஆதாரமாக இருந்த ஒரே முகம் அது. தொழிலில் ஏதாவது முடிவெடுக்கத் தயங்கினால், கியாசுதீன் அதைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

போன மாதம், நகரத்தின் பழைய வியாபாரிகளையும் கட்டடங்களையும் பற்றித் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு படக் கண்காட்சி நடந்தது. அதில் இந்தப் படத்தை முதல் வரிசையில் வைத்தார்கள். பேப்பரிலும் போட்டார்கள். அந்தப் பேப்பர் துறையூர் வரை போயிருக்கிறது.

"பேப்பர்ல மசியாத்தான் தெரியுது. மூஞ்சியே விளங்கல" என்றாள் வெள்ளையம்மாள். "எங்க அப்பா உங்க தாத்தாகிட்ட வண்டி ஓட்டினவரு. அம்மா படுத்த படுக்கையா இருக்கு. அந்தப் படத்தை ஒரு தடவை பாத்துடணும்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

கியாசுதீனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் படத்தைக் கொடுக்க மனமில்லை. கண்காட்சிக்குப் போய்த் திரும்பியபோதே கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருந்தது. இனி யாருக்கும் தருவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தார். அதையே அவளிடமும் சொன்னார். வெள்ளையம்மாள் படத்தை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று சாப்பிடும்போது மனைவி ரோஷன் பேகத்திடம் நடந்ததைச் சொன்னார். முதலாளியை இத்தனை வருஷம் கழித்து நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஜீவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டீர்களே என்று அவள் வருத்தப்பட்டாள். "குடுக்க மனசு வரலைன்னா நீங்களே கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க" என்றாள்.

அது சரியாகப் பட்டது. வெள்ளிக்கிழமை கடையைச் சாத்தி, தொழுகை முடிந்ததும் படத்தைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு துறையூர் பஸ் ஏறினார். அங்கே இறங்கி, ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரித்து, ஒரு மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் அவரைப் பார்த்ததும் வெள்ளையம்மாள் திடுக்கிட்டாள். மகிழ்ச்சியைவிடத் தவிப்புத்தான் அவள் முகத்தில் அதிகம் தெரிந்தது.

"நீங்க எதுக்கு பாய் இம்புட்டுத் தூரம்? எங்கிட்டக் குடுங்க, நான் உள்ள கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடறேன். அம்மாவுக்குப் பேச்சு முன்னப்பின்ன வரும். நீங்க இங்க உக்காருங்க."

"பரவாயில்லம்மா. வந்ததுக்கு நானும் அவங்களப் பாத்துட்டுப் போறேன்" என்று கியாசுதீன் உள்ளே நுழைந்தார்.

கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள் பொன்னுத்தாய். எண்பதை நெருங்கியிருந்த உடம்பு. ரெண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லையாம். மகள் அவளைத் தூக்கி உட்கார்த்தி, சன்னலைத் திறந்துவிட்டாள். கியாசுதீன் போர்வையை விலக்கிப் படத்தை அவள் மடியில் வைத்தார்.

கிழவி குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நடுவில் இருந்தவரின் முகத்தை விரலால் மெல்லத் தடவினாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. அழுகிறாள் என்று நினைத்தால், சிரித்தாள்.

"என்ன மிடுக்கா உக்காந்திருக்காரு பாரு" என்றாள்.

கண்காட்சியில் படத்தைப் பார்த்துப் பெரிய மனிதர்களெல்லாம் பேசினார்கள். அதெல்லாம் இதற்கு ஈடாகாது என்று கியாசுதீனுக்குத் தோன்றியது.

"எங்க தாத்தா மேல உங்களுக்கு இவ்வளவு பிரியமாம்மா?"

கிழவி நிமிர்ந்தாள். யார் இது என்பது போல மகளைப் பார்த்தாள். வெள்ளையம்மாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முதலாளி பேரனா நீங்க?" கிழவியின் முகம் மலர்ந்தது. "தம்பி, இவரு எங்க வீட்டுக்காரரு. உருவப்படம் எடுத்துக்கறது மார்க்கத்துக்கு ஆகாதுன்னு உங்க தாத்தா நிக்க மாட்டேன்னுட்டாரு. படம் எடுக்க வந்தவரு நடுவுல ஒரு ஆளு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கவும், தன் கோட்டையும் தலைப்பாகையையும் கழட்டி இவருக்கு மாட்டி உக்கார வெச்சுட்டு, உங்க தாத்தா எங்களோட சேந்து எதிர்ப்பக்கம் நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாரு."

கியாசுதீன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எங்க தாத்தா பாக்க எப்படிம்மா இருப்பாரு?" என்று கேட்டார்.