எஜமானரின் தாராளம்

எஜமானரைக் கண்டதும் கெசியா வழக்கம்போல் எழுந்து தலை குனிந்து நின்றாள். சேற்றிலும் சோளக்காட்டிலும் நடந்து வீங்கிய கால்கள் அவளைத் தாங்க மறுத்தன. ஆயினும் நின்றாள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கென்டக்கியின் அந்த ஆற்றங்கரையில் அரசின் நீலச் சட்டைப் படை கூடாரமிட்டிருந்தது. அங்கே சேர்ந்துவிட்டால் விடுதலை என்று நம்பி அடிமைகள் வந்தவண்ணம் இருந்தனர். ஆனால் அங்கும் ஒரு விதி இருப்பதைப் படைக்குத் துணி வெளுக்கும் டார்க்கஸ் காலையில்தான் அவளுக்குச் சொல்லியிருந்தாள். அரசை எதிர்த்துப் போரிடும் தென்மாநிலக் கலகக்காரர்களின் படைக்கு உழைத்த அடிமையைத் திருப்பித் தர மாட்டார்கள். அரசுக்கு விசுவாசமான எஜமானர் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

அவளுடைய எஜமானர் ஹாஸ்கின்ஸ் இப்போது வந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போனால் தெற்கே பருத்திக் காட்டுக்கு விற்றுவிடுவார் என்பது கெசியாவுக்குத் தெரியும்.

தாம் அரசின் பக்கமே என்றும், சாம்பல் சட்டைக் கலகக்காரர்களுக்கு ஒரு மணி சோளம்கூடத் தந்ததில்லை என்றும் அவர் வேதப்புத்தகத்தின் மீது கைவைத்துச் சொன்னார். அவள் உடுத்தியிருக்கும் பாவாடையும் தம்முடையதே, அதையும் கிழியாமல் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

விசாரித்துக்கொண்டிருந்த படைக் கேப்டன் களைத்த கண்களை அவள் பக்கம் திருப்பினார்.

"நீ ஏதாவது சொல்லணுமா?"

சவுக்கடியைச் சொல், முதுகைக் காட்டு என்று பின்னாலிருந்து டார்க்கஸ் கிசுகிசுத்தாள். கெசியாவோ எஜமானரைப் புகழத் தொடங்கினாள். டார்க்கஸ் தலையில் அடித்துக்கொண்டாள். எஜமானர் காதுபட வேறெதையும் பேசி அடிமையின் நாக்கு பழகியதில்லை என்பதை அவளும் அறிவாள்.

"எங்க தொரை மாதிரி தாராளம் யாருக்கும் வராதுங்க. வாசலுக்கு வந்தவங்களப் பசியோட அனுப்ப மாட்டாரு. இல்லீங்களா தொரை?"

ஹாஸ்கின்ஸின் முகம் மலர்ந்தது. இத்தனை பேர் முன்னிலையில் கிடைத்த புகழை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. உண்மைதான் என்றார்.

"போன மாசம் பட்டாளத்துக்காரங்க வந்தப்போ, பன்னிக்கறி, வெல்லப்பாகு, சோள ரொட்டின்னு அள்ளி அள்ளிக் குடுத்தாரு. நாந்தான் மாவு பெசஞ்சேன். இன்னும் கைவலி போகல."

அதற்கும் அவர் அடக்கமாகத் தலையசைத்தார்.

"எந்தப் பட்டாளம்?" கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேரெல்லாம் தெரியாதுங்க. சாம்பல் சட்டை போட்டிருந்தாங்க."

ஹாஸ்கின்ஸ் பதறினார். பொய், முழுப் பொய் என்றார். இப்போதுதானே ஐயா தலையசைத்தீர்கள் என்று கேப்டன் மெல்லக் கேட்டார். கலகக்காரர்களுக்கு மாவு பிசைந்தவளைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்தவரை அழைத்தார். எஜமானர் தம் கோவேறு கழுதையில் தனியே திரும்பிப் போனார்.

கெசியா அழுக்குத் துணி மூட்டையின் மேல் சரிந்து உட்கார்ந்தாள். டார்க்கஸ் வெந்நீர் கொண்டுவந்து அவள் கால்களைக் கழுவிவிட்டாள்.

"ஒரு மணி சோளம்கூடத் தரலன்னு வேதத்து மேல கைவச்சுச் சொன்னானே, படுபாவி. நீ சூதுவாது தெரியாம உள்ளத உள்ளபடி உளறுன பாரு, அதான்டி உன்னக் காப்பாத்துச்சு."

கெசியா கண்களை மூடிக்கொண்டாள்.

"அவரு சொன்னதுதான்க்கா நெசம்."