தெரியாத எண்ணுக்குப் பெயர்கள்

கறுப்பு அட்டை கட்டிய ஒருவர் கீழே பிணவறையில். சிவப்பு அட்டை கட்டிய ஒருவர் மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில்.

ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் என் பையன். யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

கொதிகலன் வெடித்ததில் இரண்டு பேருக்கும் முகம் இல்லை. ஒரே ஆலை, ஒரே ஷிஃப்ட், ஒரே நீலச் சட்டை. உடம்பும் ஒரே வார்ப்பு. அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமை நாசமாய்ப் போக.

"ஒருத்தரை நீங்க அடையாளம் சொன்னாப் போதும்மா. இன்னொருத்தர் யாருன்னு தானாத் தெரிஞ்சிடும்" என்றார் காவலர்.

எனக்கே பாடம் எடுக்கிறார். கல்லூரியில் கணித வரலாறு சொல்லித்தருகிறவள் நான். இன்று காலையில்கூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணை ஒரு தேசத்தில் குவியல் என்றார்கள். இன்னொரு தேசத்தில் வெறுமனே பொருள் என்றார்கள். வேறொரு தேசத்தில், தெரியாதவை பல இருந்தால் நிறங்களின் பெயரை வைத்தார்கள். கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எக்ஸ் என்று எழுதுவதைவிட இது எவ்வளவு அழகு பாருங்கள் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மருமகள் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். ரத்த அழுத்தம் கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது, உடனே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் கத்திக்கொண்டிருந்தார். இவள் அசையவில்லை. போனது யார் என்று தெரியாமல் உள்ளே வரமாட்டேன் என்று பிடித்த பிடியாக இருந்தாள்.

நான் படி இறங்கினேன்.

அந்தக் காலத்துக் கணித மேதைகள் பலருக்கு ஒரு பழக்கம். சமன்பாட்டுக்கு இரண்டு விடை வந்து, அதில் ஒன்று பூஜ்யத்துக்குக் கீழே போனால், இது ஆகாது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நானும் படிக்குப் படி ஒரு விடையைத் தள்ளிக்கொண்டே போனேன். அவராக இருக்கட்டும், அவராக இருக்கட்டும். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷரை இப்படிக் கூசாமல் எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் விழுந்திருந்தால், சரியாத்தான் வேண்டிக்கிட்டே என்றிருப்பார்.

பிணவறை ஊழியர் துணியில் கை வைத்தார். முகம் வேண்டாம், காலைக் காட்டுங்கள், பாதம் மட்டும் இரண்டு பேருக்கும் வேறு என்றேன்.

பார்த்தேன். மூடச் சொன்னேன்.

"கொஞ்ச நேரம் யார்கிட்டயும் சொல்லாதீங்க. மேல நானே சொல்லிக்கிறேன்."

என்னைக் கண்டதும் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் வாயையே பார்த்தாள்.

"மாமாதான்மா" என்றேன்.

என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்புறம் என் காதோடு சொன்னாள்.

"பாவி மனசு, நிம்மதியாவும் இருக்கு அத்தை. என்னை மன்னிச்சிடுங்க."

அவள் முதுகைத் தடவிக்கொண்டே நானும் அழுதேன். அடக்காமல் அழுதேன். புருஷனைப் பறிகொடுத்தவள் அழுதால் ஏன் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை சொல்லிக்கொண்டே போனாள். குழந்தை பிறந்ததும் முதலில் அவள் புருஷனிடம்தான் சொல்ல வேண்டுமாம். அதையும் நான்தான் சொல்ல வேண்டுமாம்.

சரி சரி என்று தலையாட்டினேன்.

பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். தலையிலிருந்து இடுப்புவரை கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. தொட்டேன். அவை மெதுவாக மடங்கி என் விரலைப் பிடித்துக்கொண்டன.

பிழைத்துக்கொள்வார் என்றாள் நர்ஸ்.

என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா? கண் விழித்ததும், பையன் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.