ஓர் எழுத்துப் பிழை

"கண்ணு தெரியாதவங்க கையில துப்பாக்கியக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்!"

கிளெண்டா எழுந்து நின்றே சொன்னாள். சர்ச் கூடத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது.

துப்பாக்கி என்றால் சுடுகிற துப்பாக்கி இல்லை. மில் தெருவில் பறக்கிற கார்களின் வேகத்தை அளக்கிற கருவி. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்களே ஓரமாக நிற்பார்கள். ஒருவர் கருவியைப் பிடித்து வேகத்தையும் வண்டி எண்ணையும் உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். பட்டியல் போலீசுக்குப் போகும். மணிக்கு முப்பது மைலைத் தாண்டியவர் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்.

அந்தக் கருவிக்காக இரண்டு வருடம் கவுன்சிலுக்கு நடையாய் நடந்தவள் கிளெண்டா. மழையில் நின்று எழுநூறு கையெழுத்து வாங்கியவளும் அவள்தான்.

கருவி வந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் துப்பாக்கியோடு லோர்னா. அவள் இந்த ஊருக்குக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. படத்தின் ஓரத்தில் ஒரு தோள்பட்டை மட்டும் தெரிந்தது. அது கிளெண்டாவுடையது.

அன்றிலிருந்து கிளெண்டாவுக்கு வயிற்றெரிச்சல். கூட்டத்துக்கு லோர்னா செய்து கொண்டுவரும் எலுமிச்சை கேக் இவளுக்கு மட்டும் தொண்டையில் இறங்காது. "லோர்னா எவ்வளவு நல்ல மாதிரி!" என்று ரொட்டிக் கடையில் யாராவது சொல்லிவிட்டால், ரொட்டி வாங்காமலே திரும்பிவிடுவாள்.

இப்போது அந்த நல்ல மாதிரி வசமாய் மாட்டிக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவர் மால்கம் கையிலிருந்த போலீஸ் கடிதத்தைச் சங்கடத்தோடு பார்த்தார்.

"நாம அனுப்பின முதல் பட்டியல்லயே ஒரு பதிவு தப்பாம். அந்த நம்பர் கார்ன்வால்ல ஓடுற ஒரு பால் லாரியோடது. அது இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்ததே இல்லையாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எழுதினது நீங்கதானே டெஸ்மண்ட்?" என்று கேட்டார் மால்கம்.

"லோர்னா சொன்னத எழுதினேன்," என்றார் எண்பது வயது டெஸ்மண்ட். "என் காதுல கோளாறு ஒண்ணும் இல்ல."

லோர்னா தலையைக் குனிந்துகொண்டாள். "என் தப்புதான். கண்ணாடிய மாத்தணும்."

"கண்ணாடி என்ன செய்யும்? கவனம் வேணும்!" கிளெண்டாவின் குரல் கூடத்தின் கூரையைத் தொட்டது. "இவங்க முதல் தடவை நின்ன செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர்கிட்ட போற வழியில நானே பார்த்தேன். வேலைய விட்டுட்டு, போற வர்ற வண்டிக்கெல்லாம் கைய ஆட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஊர்வலம் போற ராணியம்மான்னு நினைப்பு!"

லோர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஓட்டு எடுத்தார்கள். முதலில் தயங்கின கைகள், ஒன்றைப் பார்த்து ஒன்றாக மேலே போயின. இனிமேல் துப்பாக்கி கிளெண்டாவிடம்.

லோர்னாவே அதைப் பெட்டியில் வைத்து மூடி எடுத்துவந்து கொடுத்தாள். "சார்ஜ் போட்டு வச்சிருக்கேன், கிளெண்டா."

பெட்டியை வாங்கிக்கொண்டும் கிளெண்டாவுக்கு ஆசை அடங்கவில்லை. "அந்தக் கடிதத்தையும் கொடுங்க மால்கம். நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன். மத்தவங்களுக்கும் பாடமா இருக்கட்டும்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. காரின் முன்பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு, கடிதத்தைப் பிரித்து ரசித்துப் படித்தாள்.

'செவ்வாய், காலை எட்டு ஐம்பது. நீல நிறச் சிறிய கார். வேகம் நாற்பத்து மூன்று மைல்.'

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பல் டாக்டர் வரச் சொன்ன நேரம் ஒன்பது மணி. அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தாமதம்.

கடிதத்திலிருந்த எண்ணைப் படித்தாள். குனிந்து, தன் நீலக் காரின் எண்ணைப் படித்தாள். எல்லாம் ஒன்றாகவே இருந்தன, ஓர் எழுத்தைத் தவிர. 'பி' இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்' இருந்தது.

சுவரோரமாக லோர்னா சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"லோர்னா... இது என் வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கருவி கத்திடுச்சு. டெஸ்மண்ட் பேனாவும் கையுமா குனிஞ்சு காத்துக்கிட்டிருந்தாரு. ஏதாவது ஒரு நம்பரச் சொல்லியாகணுமே!"

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சு இதை வாங்கினது நீங்க. முதல் கடிதம் உங்க வீட்டுக்கே வந்தா நல்லாவா இருக்கும்?"

கிளெண்டாவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. "உள்ள நான் அவ்வளவு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அதை விடுங்க." லோர்னா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போனாள். பிறகு நின்று திரும்பினாள்.

"ஆனா ஒண்ணு, கிளெண்டா. நான் ராணியம்மா மாதிரி கைய ஆட்டல."

உள்ளங்கையைத் தரைப் பக்கம் திருப்பி, மேலும் கீழும் அசைத்துக் காட்டினாள்.

"'மெதுவா, மெதுவா'ன்னு கெஞ்சினேன். நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வேகத்தக் கூட்டினீங்க."